இருட்டின் இளவரசனும் பாடி பஸ் ஸ்டாப்பும்

பிரிட்டிஷ்காரர்கள் ஏன் பீரை வெதுவெதுப்பாகக் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜைச் செய்தது லூகாஸ் கம்பெனி, அதனால்.

ஜோக் அவ்வளவுதான். சிரிப்பு வரவில்லை என்றால் உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் பழைய எம்ஜி, ட்ரையம்ஃப், ஜாகுவார் என்று ஏதாவது ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கும் ஒரு அமெரிக்கரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிப்பார். அவரிடம் இன்னும் பத்து இருக்கும். லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலை உண்டு: மங்கல், மினுக்கல், அணைந்தது. கார் ஒயருக்குள் ஓடுவது கரண்ட் இல்லை, புகை. அது வெளியே போய்விட்டால் கார் நின்றுவிடும். அதனால் லூகாஸ் புகையை டப்பாவில் அடைத்து ஸ்பேர் பார்ட்டாக விற்கிறார்கள். கம்பெனியை ஆரம்பித்த ஜோசப் லூகாஸுக்கு இவர்கள் வைத்த பட்டப்பெயர் 'இருட்டின் இளவரசன்'.

சென்னையில் வளர்ந்த எனக்கு இந்த ஜோக்குகள் முதலில் புரியவே இல்லை. எங்களுக்கு லூகாஸ் என்றால் பாடியில் ஒரு பஸ் ஸ்டாப். அதை ஒட்டிய லூகாஸ் டிவிஎஸ் ஃபேக்டரி 1961-இல் வந்தது, இங்கிலாந்து லூகாஸும் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து தொடங்கியது. செல்ஃப் மோட்டார், டைனமோ, ஆல்டர்னேட்டர், வைப்பர் மோட்டார் எல்லாம் அங்கேதான். "பையனுக்கு லூகாஸ்ல வேலை கெடச்சிருச்சு" என்று ஒரு வீட்டில் சொன்னால் அந்தப் பையனுக்குப் பெண் பார்க்கலாம் என்று அர்த்தம். ஒரே பெயர் ஒரு ஊரில் நம்பிக்கைக்கும் இன்னொரு ஊரில் கேலிக்கும் எப்படி ஆனது? இந்தக் கேள்வியைத் தோண்டிக்கொண்டு போனதில் எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நடுவில் ஒரு நண்பனின் காரும் வரும். ஜோக்கை நம்பினால் என்ன ஆகும் என்பதை எனக்குக் காட்டியது அந்தக் கார்தான்.

முதலில் இளவரசனைப் பார்த்துவிடுவோம். ஜோசப் லூகாஸ் 1834-இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். ஆரம்பத்தில் தெருத்தெருவாக மண்ணெண்ணெய் விற்றார். மண்ணெண்ணெய் விற்கிறவர் விளக்குச் செய்யப் போவது இயல்புதானே? கப்பல் விளக்குகள் செய்தார். பிறகு, முன் சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த அந்தக் கால சைக்கிள்களுக்கு, சக்கரத்தின் அச்சிலேயே, கம்பிகளுக்கு நடுவில் தொங்குகிற மாதிரி ஒரு எண்ணெய் விளக்கு செய்தார். அதன் பெயர் 'கிங் ஆஃப் த ரோட்'. நன்றாக விற்றது. மகன் ஹாரியும் தொழிலில் சேர்ந்தார். ஜோசப் 1902 டிசம்பரில் இத்தாலியின் நேப்பிள்ஸில் இறந்தார்.

1902 என்பதைக் கவனியுங்கள். எம்ஜி என்ற பெயரில் ஒரு கார் வருவதற்கே இன்னும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. எந்த ஸ்போர்ட்ஸ் காரின் ஒயரிங்கிலும் கை வைக்காத ஒரு மண்ணெண்ணெய் வியாபாரி, இருட்டுக்கு இளவரசன் ஆகிவிட்டார்! ஒரு கனவான் இருட்டிய பிறகு வண்டி ஓட்ட மாட்டார் என்று அவர் சொன்னதாகவும் ஒரு வாசகத்தை அவர் தலையில் கட்டுகிறார்கள். விளக்கு விற்றே சம்பாதித்த மனிதர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கம்பெனி மின்சாரத்துக்குள் முழுசாக இறங்கியது முதல் உலகப் போரின்போது. அதுவரை பெட்ரோல் எஞ்சினில் பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவுக்கு பிரிட்டன் பெரும்பாலும் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியை நம்பியிருந்தது. போர் வந்ததும் எதிரி நாட்டிலிருந்து மேக்னெட்டோ எப்படி வரும்? லாரிக்கும் விமானத்துக்கும் பொறி வேண்டும். உள்நாட்டில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவர்களில் ஒன்றான தாம்சன்-பென்னெட் கம்பெனியை 1914-இல் லூகாஸ் வாங்கியது. அதன் பீட்டர் பென்னெட்டும், ஜோசப்பின் பேரன் ஆலிவர் லூகாஸும் சேர்ந்து கம்பெனியை ராட்சசனாக வளர்த்தார்கள். 1926 வாக்கில் போட்டியாளர்களான ரோட்டாக்ஸையும் சி.ஏ.வி.யையும் வாங்கிப் போட்டார்கள். அதற்கப்புறம் பிரிட்டனில் கார் செய்கிறவர் டைனமோவோ ஸ்டார்ட்டரோ வாங்க வேறு பெரிய கடை அதிகம் இல்லை. அரசின் ஏகபோக ஆணையம் இந்தத் துறையைப் பற்றித் தனியாக விசாரித்து 1963-இல் ஒரு அறிக்கையே வெளியிட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

ஜோக்கின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிட்டத்தட்ட எல்லா பிரிட்டிஷ் காரிலும் ஒரே பெயர் போட்ட விளக்கு, ஒரே பெயர் போட்ட சுவிட்ச். எந்த வண்டி நடுரோட்டில் நின்றாலும், பானெட்டைத் தூக்கினால் கண்ணில் படுவது அந்தப் பெயர்தான். எஸ்.யு. கம்பெனியின் பெட்ரோல் பம்ப் அடிக்கடி மக்கர் பண்ணும். அதன் உள்ளே இருக்கும் பாயின்ட் கருகிவிடும். சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டினால் 'டிக் டிக்' என்று உயிர் வரும். மீட்டர்கள் ஸ்மித்ஸ் கம்பெனியுடையவை. அந்தப் பழிகளும் சேர்ந்து லூகாஸ் கணக்கில்தான் எழுதப்பட்டன.

சரி, பழி எல்லாம் பொய்யா? இல்லை. ஒயரிங்குக்குள் போய்ப் பார்ப்போம்.

எம்ஜிபியை எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் செய்த கார், 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இதுதான். ஆரம்ப கால எம்ஜிபியில் மொத்தம் எத்தனை ஃப்யூஸ் தெரியுமா? இரண்டே இரண்டு. பிறகு நான்காக உயர்த்தினார்கள்.

லூகாஸ் ஒயர்களுக்கு ஒரு வண்ண ஒழுங்கு உண்டு. பின்னாளில் பிரிட்டிஷ் தரநிலையாகவே ஆனது. அழகான முறை, ஒரு தடவை மனப்பாடம் ஆகிவிட்டால் எந்த பிரிட்டிஷ் காரையும் படிக்கலாம். பிரவுன்: பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவி போட்டாலும் போடாவிட்டாலும் உயிரோடு இருக்கும், ஃப்யூஸ் கிடையாது. வெள்ளை: சாவி போட்டால் மட்டும் உயிர், இதற்கும் ஃப்யூஸ் இல்லை, இக்னிஷன் காயிலும் பெட்ரோல் பம்பும் இதில்தான். வெள்ளை ஃப்யூஸைத் தாண்டினால் பச்சை. பிரவுன் ஃப்யூஸைத் தாண்டினால் ஊதா. ஹார்ன் இதில் இருக்கும். சிவப்பு பார்க்கிங் விளக்குகளுக்கு, நீலம் ஹெட்லைட்டுக்கு, கறுப்பு எர்த்.

ஃப்யூஸ் இல்லாத பிரவுன் என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த ஒயரின் மேலுறை எங்காவது உரசித் தேய்ந்து பாடியில் பட்டால், தடுத்து நிறுத்த எதுவுமே இல்லை. பேட்டரியின் முழு பலமும் அந்த ஒயர் வழியாகப் பாயும். ஒயர் சிவந்து, உறை உருகி, பக்கத்து ஒயர்களையும் சேர்த்து எரிக்கும். புகை ஜோக் இந்த இடத்தில் ஜோக்கே இல்லை.

ஃப்யூஸிலும் ஒரு பொறி இருந்தது. லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் '35 ஆம்ப்' என்று போட்டிருக்கும். அது உடனே உருகுகிற அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு ஏறக்குறைய பாதி, 17 ஆம்ப். அமெரிக்க ஃப்யூஸில் எழுதுவது தொடர்ந்து தாங்கும் அளவு. அமெரிக்காவில் ஒருத்தர் என்ன செய்வார்? பழைய ஃப்யூஸில் 35 என்று போட்டிருக்கிறது, கடையில் போய் 35 வாங்கி மாட்டுவார். தப்பென்று யாருமே சொல்ல முடியாது. ஆனால் இப்போது அந்தச் சுற்றில் ஒயரை விட ஃப்யூஸ் பலசாலி. கோளாறு வந்தால் ஃப்யூஸ் நிற்கும், ஒயர் போகும். அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் ஒரே எண்ணுக்கு இரண்டு அர்த்தம்.

அடுத்தது இணைப்புகள். ஒயரின் முனையில் துப்பாக்கிக் குண்டு வடிவில் ஒரு சின்ன உலோக முனை, அதை ரப்பர் உறை போட்ட ஒரு உலோகக் குழாயில் அழுத்திச் செருக வேண்டும். புதுசாக இருக்கும்போது பிரமாதமாகப் பிடிக்கும். இருபது முப்பது வருடம் மழை, பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு எல்லாம் தின்ற பிறகு பச்சை பூத்து, பிடிமானம் தளர்ந்துவிடும். இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்ப். வழியில் ஒரே ஒரு இணைப்பில் 0.1 ஓம் தடை ஏறியிருந்தால், அங்கேயே 1 வோல்ட் காணாமல் போகும். போன அந்த மின்சாரம் 10 வாட் சூடாக அந்தச் சின்ன இணைப்பில் உட்கார்ந்து ரப்பரை வேகவைக்கும். 1 வோல்ட் குறைந்தால் என்ன பெரிசா என்று கேட்கலாம். டங்ஸ்டன் பல்பில் வோல்ட் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் மடமடவென்று சரியும்: 12-லிருந்து 11 ஆனால் வெளிச்சத்தில் கால்வாசி போய்விடும், 10 ஆனால் பாதிக்குக் கிட்ட. ஒவ்வொரு இணைப்பும் தலைக்குக் கால் வோல்ட் அரை வோல்ட் என்று கமிஷன் அடித்தால் ஹெட்லைட் மெழுகுவர்த்திதான். மேலும் இந்தக் கார்களில் ஹெட்லைட்டுக்கு ரிலே கிடையாது. முழு 10 ஆம்ப்பும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய் வரும். சுவிட்ச் எத்தனை நாள் தாங்கும்?

இனி எர்த். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் எந்தக் கோளாறு என்றாலும் "மொதல்ல எர்த் பாருங்க சார்" என்பார்களே, அது அனுபவ வாக்கு. கரண்ட் போன வழியே போய்விடாது, பேட்டரிக்குத் திரும்பி வந்தாகணும். திரும்பும் பாதை காரின் பாடிதான். பின் விளக்கின் எர்த் துருப்பிடித்து விட்டுப் போனால், கரண்ட் சும்மா இருக்காது; வேறு பல்புகளின் இழை வழியாகத் திரும்பி வரப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் டெயில் லைட் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து துடிக்கும். பார்க்கிறவருக்குப் பேய் பிடித்த கார். அடியில் இருப்பது ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூ.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எஞ்சின் எர்த். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு தடித்த பட்டை உண்டு. யாராவது கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டும்போது அந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டால்? ஸ்டார்ட்டர் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்ப் எப்படியாவது வீடு திரும்ப வேண்டும். கிடைக்கும் பாதை சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள். சாவியைத் திருகியதும் டாஷ்போர்டில் சோக் குமிழுக்குப் பின்னாலிருந்து புகை வரும். ஸ்டார்ட்டருக்கும் சோக்குக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அதே மாதிரி, பெட்ரோல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் ஒரே நேரத்தில் மேலே ஏறினால் எஞ்சின் கொதிக்கிறது என்று பதற வேண்டாம். இரண்டுக்கும் பொதுவாக 10 வோல்ட் தரும் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் பின்னால் இருக்கிறது; அதன் எர்த் விட்டிருக்கும். டாங்க் திடீரென்று நிரம்புமா என்ன?

பாசிட்டிவ் எர்த் விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். 1967 வரைக்குமான எம்ஜிபியில் தலைகீழ், பாசிட்டிவ்தான் பாடியில். பிரிட்டிஷ் பைத்தியக்காரத்தனம் என்று இதையும் சொல்வார்கள். நியாயம் இல்லை. அமெரிக்க ஃபோர்டே 1955 மாடல் வரை 6 வோல்ட் பாசிட்டிவ் எர்த்தில்தான் ஓடியது. ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டரும் வந்த பிறகுதான் உலகம் முழுக்க நெகட்டிவ் எர்த் என்று ஒரே பக்கம் சாய்ந்தது. ஜாகுவார் இ-டைப் 1964-இல் 4.2 லிட்டர் எஞ்சினோடு மாறியது, எம்ஜிபி 1967 கடைசியில். இந்த மாற்றத்துக்கு முந்தைய கார்களை வாங்கியவர்கள் பிறகு அதில் நவீன ரேடியோ மாட்ட ஆசைப்பட்டார்கள். ரேடியோவின் உலோகக் கூடு நெகட்டிவ், காரின் பாடி பாசிட்டிவ். இரண்டும் தொட்டால் நேரடி ஷார்ட். சிலர் காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினார்கள். பேட்டரியைத் திருப்பி மாட்டினால் போதாது. டைனமோவின் காந்தத்தைத் திசை மாற்ற வேண்டும், காயில் இணைப்பை மாற்றிப் போட வேண்டும், எலக்ட்ரிக் டாக்கோமீட்டரைக் கவனிக்க வேண்டும். பாதி மாற்றி, பாதி மறந்து, அப்படியே விற்றுவிட்ட கார்கள் எத்தனையோ.

இன்னொன்று. எம்ஜிபியில் பல வருடம் ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குப் பதிலாக இரண்டு 6 வோல்ட் பேட்டரி, அதுவும் சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில். தண்ணீர் அளவு பார்க்க வேண்டுமென்றால் கார்ப்பெட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, தலைகீழாகக் குனிய வேண்டும். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

இப்போது நண்பனின் கார். கல்லூரித் தோழன், இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் வேலை. அறுபதுகளின் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். எந்த மாடல் என்பது இங்கே தேவையில்லை. நாலு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி செத்துவிடும். சில வாரம் ஒன்றும் ஆகாது, நன்றாகவே ஸ்டார்ட் ஆகும். புது பேட்டரி போட்டான், செத்தது. ஒரு மெக்கானிக் ஆல்டர்னேட்டர் டையோடு லீக் என்று ஆல்டர்னேட்டரை மாற்றினார், அப்போதும் செத்தது. இன்னொருவர் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "லூகாஸ்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்து மூடிவிட்டார். அவனும் அதை ஜோக்காக எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான்.

பிறகு ஒரு இரவு, வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து, கராஜில் கருகல் வாசனை. அவன் வீட்டில் கராஜ் வீட்டோடு சேர்ந்தது. அதற்கு நேர் மேலே குழந்தையின் அறை. அவன் மனைவி ஒரே வார்த்தைதான் சொன்னாளாம்: "நாளைக்கே வித்துடு." அன்றிரவே பேட்டரி கேபிளைக் கழற்றி, காரைத் தள்ளி வெளியே நிறுத்திவிட்டு எனக்கு போன் பண்ணினான். "டேய், நீதான் இதைப் பத்திப் படிச்சுக்கிட்டே இருக்கியே, ஏதாவது சொல்லு. விக்கறதுன்னாலும் இப்படியே இன்னொருத்தன் தலைல கட்ட முடியாதுல்ல."

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் சாவியை எடுத்த பிறகு கருகுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய வண்ணங்கள் இரண்டே இரண்டு, பிரவுனும் ஊதாவும் என்பது தெரியும். பழைய முறையைத்தான் சொன்னேன். பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 5 வாட் பல்பை மாட்டு. எல்லாம் ஆஃப். பல்பு எரியக் கூடாது. எரிந்தால் கரண்ட் எங்கோ ஒழுகுகிறது.

எரிந்தது. மல்டிமீட்டர் வைத்தால் 0.7 ஆம்ப். ஒரு நாளைக்குச் சுமார் 17 ஆம்ப்-மணி. மூன்று நாளில் 50. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான். ஏன் செத்தது என்பதற்குக் கணக்கு சரியாகிவிட்டது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னேன். மாற்றம் இல்லை, அப்போது ஊதா இல்லை, ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் பிரவுன்தான். ஆல்டர்னேட்டரில் பிரவுனைக் கழற்றினான், இக்னிஷன் சுவிட்சில் கழற்றினான், லைட் சுவிட்சில் கழற்றினான். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. ஒயரிங் படத்தில் பிரவுன் போகிற எல்லா இடமும் முடிந்துவிட்டது. அப்படியென்றால் படத்தில் இல்லாத ஒரு பிரவுன் இருக்கிறது.

தேடலாம் என்று அடுத்த சனிக்கிழமை பல்பை மாட்டினால், எரியவே இல்லை! எதையும் தொடவில்லை, தானாகச் சரியாகிவிட்டது. 'அப்படித்தான் இருக்கும்' என்று மூடி வைக்கத் தோன்றும் இடம் இதுதான். போன வாரம் மழை பெய்ததா என்று கேட்டேன். பெய்தது, கார் வெளியேதான் நின்றது. அன்று வெயில். "ஒரு சொம்புல தண்ணி எடுத்துட்டு வா" என்றேன். பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு இடமாக ஊற்றச் சொன்னேன். ஹெட்லைட் பக்கம், ஒன்றுமில்லை. ஃப்யூஸ் பெட்டிப் பக்கம், ஒன்றுமில்லை. எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டின் இடது மூலையில் ஊற்றியதும் வீடியோவில் நானே பார்த்தேன், பல்பு மெல்லச் சிவந்து எரிந்தது.

அந்த மூலையில் ஒரு ஓட்டை. யாரோ டிரில் போட்டது. கூர் விளிம்பு, ரப்பர் வளையம் இல்லை. அதன் வழியாக ஒரு ஒயர். டாஷ்போர்டுக்குப் பின்னால் பிரவுனிலிருந்து கிளிப் போட்டுக் கிளை எடுத்து, முன்னால் கிரில் வரை இழுத்திருக்கிறார்கள். முன்பு ஒரு காலத்தில் கூடுதல் ஸ்பாட் லைட் மாட்டியிருக்க வேண்டும். விளக்கைக் கழற்றியவர் ஒயரைக் கழற்றவில்லை. முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிச் செருகிவிட்டுப் போய்விட்டார். ஓட்டையின் விளிம்பில் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது, அதைச் சுற்றித் துரு. ஈரம் பட்டால் ஒழுகும், காய்ந்தால் நிற்கும். அன்றிரவு செம்பு இழைகள் சில நேராகவே தகட்டைத் தொட்டிருக்க வேண்டும், ஒரு விரற்கடை நீளத்துக்கு உறை கருகியிருந்தது. அது முழுசாகத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அந்த ஒயர் காரோடு பிறந்ததில்லை, லூகாஸ் போட்டதும் இல்லை. எந்த வருடம், எந்தச் சொந்தக்காரர் என்று யாருக்கும் தெரியாது. ஐம்பது வருடத்தில் ஏழெட்டு கை மாறிய கார். ஃப்யூஸ் இல்லாத பிரவுன் என்ற வடிவமைப்பு மட்டும் லூகாஸ் கால வழக்கம், அந்தப் பங்கை நான் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் இரண்டாவது மெக்கானிக் சிரிக்காமல் ஒரு பல்பை மாட்டியிருந்தால் அவரே அரை நாளில் கண்டுபிடித்திருப்பார். ஜோக் அவருக்கு ஒரு பதிலைக் கொடுத்துவிட்டது, அதனால் அவர் கேள்வியே கேட்கவில்லை.

கம்பெனியைப் பற்றிய என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 1967-ஆம் வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ட்ரையம்ஃப் டிஆர்5 ஸ்போர்ட்ஸ் கார் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது. அதில் பெட்ரோலை அழுத்தித் தள்ளும் பம்புக்கு வைத்தது, வைப்பர் மோட்டாரைத் தழுவிச் செய்த ஒரு மோட்டார். வெயில் நாளில் சூடேறித் திணறும். அதே வருடம் ஹாலந்தின் ஜாண்ட்வோர்ட்டில் ஃபோர்டு காஸ்வொர்த் டிஎஃப்வி என்ற ரேஸ் எஞ்சின் முதன்முதலாக இறங்கி, ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸில் முதல் போட்டியிலேயே ஜெயித்தது. மொத்தம் 155 ஃபார்முலா ஒன் வெற்றிகள். அதிலும் லூகாஸ் இன்ஜெக்‌ஷன்தான். போர்க்காலத்தில் விட்டிலின் ஜெட் எஞ்சினுக்கு எரிபொருள் எரியும் அறையைச் சரிசெய்து கொடுத்ததும் இதே கம்பெனி. தெரியாதவர்கள் செய்த வேலை இல்லை இது. மலிவு ஸ்போர்ட்ஸ் காருக்கு, கார் கம்பெனி கொடுத்த விலைக்கு, பத்து வருடம் ஓடினால் போதும் என்று செய்த வேலை. வாங்க வேறு இடமில்லை என்பதால் அதற்கு மேல் மெனக்கெட வேண்டிய அவசியமும் இல்லை. இதுதான் கம்பெனி மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு, புகை இல்லை.

அதே சரக்கு நம் ஊரில் ஏன் கேலிக்கு ஆளாகவில்லை? அம்பாசிடரில் வந்த 1489 சிசி எஞ்சினும், எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் வந்த 1489 சிசி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். ஆனால் நம்மூர் அம்பாசிடர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டி இல்லை. தினமும் ஓடியது, தினமும் யாரோ ஒருவர் பானெட்டைத் திறந்தார். ரோட்டில் உப்புத் தூவுவதும் இங்கே கிடையாது. டைனமோவைப் பிரித்து பிரஷ் மாற்றத் தெரிந்த ஆள், கட்அவுட் பாயின்ட்டை எமரித் தாளால் தேய்க்கத் தெரிந்த பையன் என்று ஒவ்வொரு தெருமுனையிலும் ஒருத்தர் இருந்தார். வாங்கிய கம்பெனியே பக்கத்துத் தெருவில் ஃபேக்டரி வைத்திருந்தது.

பர்மிங்ஹாம் லூகாஸ் 1996-இல் வாரிட்டியோடு சேர்ந்தது, 1999-இல் டிஆர்டபிள்யு வாங்கியது, துண்டு துண்டாகப் போனது. பாடியில் ஃபேக்டரி இன்னும் ஓடுகிறது.

நண்பன் காரை விற்கவில்லை. அந்த ஒயரை முழுசாக உருவி எடுத்துவிட்டு, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டியிருக்கிறான். ராத்திரி கராஜ் கதவைப் பூட்டும் முன் அதைத் திருகுவது அவன் மனைவியின் வேலை. போன வாரம் போன் பண்ணினான். இப்போது இடது இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் மெதுவாகிறதாம். எர்த்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். "பாத்துட்டுக் கூப்புடறேன்" என்று வைத்துவிட்டான்.